அரச வேலையை விட்டுவிட்டுக் காதல் நாவல் எழுதி வாழலாமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் கேள்வி இதுதான்: பகலில் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், இரவில் காதல் தொடர்கதை. அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் போட்ட நாவல்களுக்குப் போன மாதம் சம்பளத்தைவிடக் கூடுதலாகக் காசு வந்துவிட்டது. இனி வேலையை விட்டு எழுத்தையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா, அப்படி இருக்கிறவர்களின் நாள் உண்மையில் எப்படிப் போகிறது?

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்துகொண்டு பல வருடமாக இதைத்தான் செய்கிறேன், இப்போது வீட்டுச் செலவு முழுக்க இதில்தான் ஓடுகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து வேலையை விடாதீர்கள். எழுத்தில் காசு இருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது வருகிற வழி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும், மாறும்போது உங்களைக் கேட்காது. ஆகவே வங்கிக்கு வந்த தொகையை ஒரு பக்கம் வையுங்கள். எழுதி முடித்த கதைகள் கையில் எத்தனை இருக்கின்றன, அவற்றின் உரிமை யாரிடம் இருக்கிறது, இந்த இரண்டையும்தான் நான் பார்க்கச் சொல்வேன்.

போன மாதம் வந்த காசு போன மாதம் உழைத்ததே இல்லை. கிண்டிலில் ஜனவரியில் விற்றதற்கும் வாசித்ததற்கும் மார்ச் கடைசியில்தான் பணம் வரும், மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள். நீங்கள் பார்த்தது அதற்கும் இரண்டு மாதத்துக்கு முன் புதிதாக இறக்கிய நாவலின் முதல் வேகம். இப்போது டாஷ்போர்டைத் திறந்து அதே நாவல் இன்றைக்கு எத்தனை பக்கம் வாசிக்கப்படுகிறது என்று பாருங்கள், மனம் கொஞ்சம் ஆறும். புதிய நாவல் என்பது முதல் இரண்டு மூன்று வாரம்தான். அதற்குப் பிறகு அது மெதுவாக இறங்கிப் பழைய நாவல்களோடு போய் உட்கார்ந்துகொள்ளும், அந்தப் பழைய வரிசைதான் மாதாமாதம் அரிசி, கரண்ட் பில், பிள்ளையின் ரியூசன் காசு எல்லாவற்றையும் பார்க்கும். இருபது முடிந்த நாவல் இருக்கிறவள் ஒரு மாதம் காய்ச்சலில் படுக்கலாம், மூன்று நாவல் இருக்கிறவளுக்கு அது ஏலாது. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற வேலை என்று எங்கள் ஊரில் கேலியாகச் சொல்வதை இதில் கேலியில்லாமலே சொல்லலாம்.

அமேசான் தமிழைக் கிண்டிலுக்குள் விட்டதே 2016 கடைசியில்தான். அதற்கு ஒரு வருடம் முன்பே, 2015இல், கிண்டில் அன்லிமிடெட் சந்தா இந்தியாவுக்கு வந்திருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் தொழிலின் அடித்தளம், ஏனென்றால் தமிழில் காதல் நாவல் வாசிக்கிறவர்களில் பெரும்பாலானோர் புத்தகத்தை வாங்குவதில்லை, சந்தாவில் எடுத்து வாசிக்கிறார்கள். அதில் எங்களுக்குக் கிடைப்பது பக்கக் கணக்கு. ஒரு வாசகி ஒரு பக்கத்தை முதல் தடவை வாசிக்கும்போது மட்டும் காசு, அவள் அதே கதையைப் பத்துத் தரம் திரும்ப வாசித்தாலும் அன்பு மட்டும்தான் மிச்சம். இந்தியச் சந்தாவில் பக்கத்துக்குச் சில பைசாக்கள், அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வாசித்தால் அதைவிட நன்றாக வரும். அதனால்தான் ரொறன்ரோவில் இருந்து ஒரு அக்கா வாசிக்கத் தொடங்கினால் எனக்குள் ஒரு கணக்குப்பிள்ளை எழும்பி உட்காருவான்.

விற்பனைக்கும் ஒரு கொக்கி உண்டு. இந்தியக் கடையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் நாவலை கேடிபி செலக்ட் என்கிற, கிண்டிலுக்கு மட்டும் என்று ஒப்புக்கொடுக்கும் திட்டத்தில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 35தான். சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. நீங்கள் தொடராக எழுதிய தளத்தில் அத்தியாயங்கள் அப்படியே கிடந்தால் அது விதிமீறல். ஆரம்பத்தில் ஒரு பத்து சதவீதத்தை மாதிரிக்கு விட்டுவிட்டு மிச்சத்தைத் தளத்தில் இருந்து நீக்க வேண்டும். இதை இழுத்தடித்துக் கணக்கே முடங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும், அழுது மெயில் போட்டும் பலிக்கவில்லை.

வரி விஷயத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் சும்மா இழக்கிறார்கள். கணக்குத் தொடங்கும்போது கேட்கும் வரிக் கேள்விகளை ஏனோதானோவென்று நிரப்பினால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது, வரி இலக்கத்தைக் கொடுத்து அதைச் சரியாகக் கோரினால் 10 சதவீதம். உள்நாட்டில் 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை, ஆனால் அந்த எல்லையில் உங்கள் சம்பளமும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். பணத்தைப் பலரும் பேயோனியர் என்கிற இணையப் பணச் சேவை வழியாக எடுத்து இங்கேயுள்ள வங்கிக்கு மாற்றுகிறார்கள். புனைபெயர் நூலின் அட்டையில் மட்டும்தான். கணக்கு, வங்கி, வரி மூன்றிலும் அடையாள அட்டையில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி நாள் எப்படிப் போகிறது என்று கேட்டீர்கள். பலர் நினைப்பது ஜன்னலோரம், தேத்தண்ணி, மழை. எழுதுவது என்னவோ விடிய முன்னம் இரண்டு மூன்று மணித்தியாலம்தான், அதுவும் மார்கழியில் திருவெம்பாவைக்கு நாலு பக்கக் கோயிலும் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டால் காதல் வசனம் வராது, அந்த நாட்களில் பிழை திருத்த உட்காருவேன். மிச்சப் பொழுது கடை நடத்துகிற வேலை. முதல் நாள் எழுதிய அத்தியாயத்தைத் திருத்துவது, ர, ற, ல, ள குழப்பங்களைப் பிடிப்பது, அட்டைப் படம், பின்னட்டைச் சுருக்கம், டீசர், வாசகிகளின் கருத்துக்குப் பதில். இரவு ஒன்பது மணிக்கு யூடி, அதாவது அன்றைய புதிய அத்தியாயம். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பது பெரிய வசதி, அங்கே பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனை எடுக்கிற நேரம் அதுதான். ஒன்பது ஐந்தாகிவிட்டால் "ரைட்டர்ஜி எங்கே எபி?" என்று தொடங்கிவிடுவார்கள். ஒரு நாள் தவறினால் மன்னிப்பார்கள். அதுவே வாடிக்கையானால் சத்தமில்லாமல் வேறொருத்தியின் கதைக்குப் போய்விடுவார்கள். கருத்தே போடாத சைலண்ட் ரீடர்கள்தான் கூட்டத்தில் பெரும்பகுதி என்பதால் போனது தெரியவே கொஞ்சக் காலம் எடுக்கும்.

அட்டைக்கு சினிமா நடிகர்களின் படத்தை வெட்டி ஒட்டுகிற பழக்கத்தைத் தொடரோடு நிறுத்திவிடுங்கள். விற்கிற புத்தகத்துக்கு உரிமம் உள்ள படம் வேண்டும், அல்லது ஓவியம். திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்: நாவல் கிண்டிலில் ஏறின கையோடு பிடிஎஃப் டெலிகிராம் குழுக்களில் ஏறிவிடும். முறைப்பாடு போட்டால் எடுப்பார்கள், மறுநாள் வேறு பெயரில் வரும். நான் வாரத்தில் ஒரு மாலையை மட்டும் இதற்கு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் இந்தக் கோபத்துக்குத் தீனி போடுவதில்லை. ஆனால் உங்கள் கதை இலவசமாக ஏதாவது இணையத்தளத்தில் கிடந்தால் அமேசான் உங்களிடமே விளக்கம் கேட்கக்கூடும், அதற்காக முறைப்பாட்டுப் பிரதிகளைச் சேர்த்து வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்து எழுதுகிற பெண்ணுக்கு இருக்கிற உண்மையான தடை மின்வெட்டோ இணையமோ இல்லை. "அவள் வீட்டில சும்மாதானே இருக்கிறாள்" என்கிற அந்த ஒரு வசனம்தான். மாமியைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போக, கேஸ் சிலிண்டர் வந்தால் இறக்க, நல்லூர்க் கொடியேறி இருபத்தைந்து நாளும் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்து நிற்கிற சொந்தங்களுக்குச் சமைக்க, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். கந்தோருக்குப் போகிறவளிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. வேலையை விட்ட முதல் வருடம் எழுதுகிற நேரம் கூடும் என்று நினைக்கிறீர்கள், பலருக்குக் குறைகிறது. என்னிடம் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது நல்ல கணினி இல்லை, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு.

கலியாணமாகாத பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். அரச உத்தியோகமும் ஓய்வூதியமும் இங்கே சம்பந்தம் பேசுகிற மேசையில் எவ்வளவு பாரம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கணக்கு சரி என்று சொல்ல வரவில்லை, எனக்கு அது பிடிப்பதுமில்லை, ஆனால் வீட்டில் நடக்கப்போகிற சண்டை அதைச் சுற்றித்தான் நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு கதையுங்கள். "என்ன எழுதுகிறாய்?" என்று கேட்பார்கள். குடும்ப நாவல் என்று சொல்லித் தப்புகிறவர்கள்தான் நிறைய.

இலக்கியக்காரர்களிடமும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இங்கே புத்தகம் போடுவதற்கென்று ஒரு பொருளாதாரமே இருக்கிறது: கைக்காசில் முன்னூறு, ஐந்நூறு பிரதி அச்சடித்து, துர்க்கா மணிமண்டபத்திலோ கலாசார மண்டபத்திலோ வெளியீட்டு விழா வைத்து, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை எல்லாம் முடிய, முதற்பிரதியை ஒரு வர்த்தகர் வாங்க, மிச்சப் பேர் கடித உறையில் காசு வைத்துக் கொடுத்துப் பிரதி எடுத்துப் போவார்கள். அச்சுக் கூலி அன்றைக்கே ஏறக்குறைய வந்துவிடும், விற்காத பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நல்ல முறைதான், கவிதைக்கும் சிறுகதைக்கும் அதுதான் உயிர் கொடுக்கிறது. ஆனால் அது ஊரில் முகம் தெரிந்தவர்களுக்கான முறை. புனைபெயரில் எழுதுகிற, வாசகிகள் மதுரையிலும் சேலத்திலும் இருக்கிற ஒருத்திக்கு உறை கொடுக்க யார் வருவார்கள்? அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் முன்பதிவு எடுத்துத் தேவைக்கு மட்டும் அடிப்பிக்கலாம். ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பில் தேசிய நூலகம் தருகிறது. ஒன்றைக் கவனியுங்கள், இங்கே பல தட்டச்சுக்காரர்கள் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள், உங்கள் யூனிகோட் கோப்பை அவர்கள் மாற்றும்போது எழுத்துகள் சிதறும், கடைசிப் பக்கம் வரை நீங்களே வாசிக்காமல் அச்சுக்கு ஓம் சொல்லாதீர்கள்.

இலக்கியக்காரர்கள் காதல் நாவலைப் பற்றிச் சொல்கிற குறையில் பாதி சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதாநாயகியை அடித்து, பூட்டி வைத்து, கடைசி அத்தியாயத்தில் ஒரு மன்னிப்போடு நல்லவனாகிவிடுகிற ஆன்டி ஹீரோ இருக்கிறானே, அவனுக்குப் பக்கக் கணக்கு எகிறும். வருமானம் இதில் மட்டும் என்று ஆனவுடனே அவனை எழுதச் சொல்லி உள்ளே இருந்தே ஒரு குரல் கேட்கும். சம்பளம் வருகிறவள் அந்தக் குரலுக்குக் காது கொடுக்காமல் இருக்கலாம். வேலையை வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம், யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

களத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கேயிருந்து தொடங்குகிற பலர் பார்த்தேயிராத கோயம்புத்தூர் மில் முதலாளியை எழுதுகிறார்கள். வாசகி தமிழ்நாட்டில் இருக்கிறாள் என்பதால் அது புரிகிறது. ஆனால் நான் கவனித்தவரை, விவரிப்பைப் பொதுத் தமிழில் வைத்து உரையாடலை மட்டும் நம் பேச்சில் விட்டால் அவர்கள் ஓடுவதில்லை, அடுத்த கதையும் யாழ்ப்பாணத்தில் வையுங்கள் என்று கேட்கிறார்கள். புலம்பெயர்ந்த வாசகர்கள் அதற்காகவே வருவார்கள், அவர்கள் வாசிக்கிற பக்கத்துக்கு என்ன மதிப்பு என்று மேலே சொல்லிவிட்டேன்.

வழி மாறிக்கொண்டே இருக்கும் என்றேன். இது இணையம் கொண்டுவந்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். 1970களில் இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினபோது இங்கே நாவல்களுக்கு ஒரு பொற்காலம் வந்தது, வீரகேசரி வரிசையாக நாவல் வெளியிட்டது, ஜனரஞ்சகமாக எழுதியவர்களுக்கு நாடு முழுக்க வாசகர்கள். 1977க்குப் பிறகு கதவைத் திறந்துவிட, தமிழ்நாட்டு இதழ்கள் திரும்ப வந்து குவிந்தன, அந்தச் சந்தை படுத்துவிட்டது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் தாளே இல்லை, கொப்பித் தாளில் பத்திரிகை அடித்தார்கள். எங்களுக்கு 2022. டொலர் 200 ரூபாயைச் சுற்றி நின்றது, மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டதும் இரண்டு மூன்று மாதத்தில் 360ஐத் தாண்டியது, இந்திய ரூபாயும் கூடவே ஏறியது. பதின்மூன்று மணித்தியால மின்வெட்டில் போனில் சார்ஜ் இருக்கும் வரை எழுதினோம், அதே வேளை வெளியில் இருந்து வந்த சின்னக் காசு உள்ளூரில் பெரிய காசாகத் தெரிந்தது. நிறையப் பேர் அந்த வருடத்தில்தான் வேலையை விட்டார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்குப் போனதைக் கணக்கில் சேர்த்தவர்கள் குறைவு. பிறகு நாணயம் கொஞ்சம் திரும்பியது, விலைவாசி திரும்பவில்லை. அவர்களில் சிலர் இப்போது தனியார் பாடசாலையிலும் கடைக் கணக்கிலும் இருக்கிறார்கள், இரவில் எழுதுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்தத் தொழிலில் உள்ளே வருவதும் வெளியே போவதும் சாதாரணம்.

இப்போது காற்று அடிப்பது ஒலிப் பக்கம். யூடியூபில் ஆடியோ நாவல்களைச் சமையல் செய்துகொண்டே கேட்கிற கூட்டம் பெரிது. சொந்தச் சேனலுக்கு விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4,000 மணித்தியாலம் பார்வையும் வேண்டும், நீளமான நாவலுக்கு அந்த மணித்தியாலம் கஷ்டமே இல்லை. சிலர் ஒலிச் செயலிகளுக்கு அத்தியாயக் கூலிக்கு எழுதப் போகிறார்கள். உடனே கையில் காசு, ஆனால் கதை அவர்களுடையது. இயந்திரம் எழுதின நாவல்களும் குவியத் தொடங்கிவிட்டன, 2023இல் இருந்து அமேசான் பதிவேற்றும்போது அதைச் சொல்லச் சொல்கிறது, யார் உண்மை சொல்கிறார்கள் என்பது வேறு கதை. அந்தக் கூட்டத்துக்குள் வாசகி உங்களைத் தேடி வருவது பெயரை நம்பித்தான்.

உரிமை என்று நான் அலுக்க அலுக்கச் சொல்வது இதனால்தான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் எழுதினதுமே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் பதியத் தேவையில்லை, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 வருடத்துக்கும். "அச்சு, மின், ஒலி, காட்சி மற்றும் இனி வரக்கூடிய அனைத்து வடிவங்களிலும்" என்று ஒரு வரி வரும் ஒப்பந்தத்தில் ஒரு தடவைத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளின் காலம் வரைக்கும் அதைக் கொடுத்துவிடுகிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு எழுத்தாளர் கிண்டில் வருவதற்கு முன் தன் நாவல்களை அப்படி ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். இன்று அவற்றை வேறொருவர் ஒலியாக்கிச் சம்பாதிக்கிறார், இவர் கேட்டு ரசிக்கலாம். வடிவத்தைத் தனித்தனியாகப் பிரித்து, காலம் குறித்து, மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குக் கொடுங்கள். முடியாது என்பவர்களிடம் கதையைக் கொடுக்காதீர்கள்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம். வேலையில் இருங்கள், இப்போதைக்கு. நிரந்தர நியமனம் என்றால் சம்பளமற்ற விடுமுறை என்று ஒன்று இருக்கிறது. நெருக்கடி நேரத்தில், 2022இல், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை அப்படி எடுக்கலாம் என்று சுற்றறிக்கையே வந்தது. இன்றைய நடைமுறையையும், வெளியில் உழைப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டுமா என்பதையும் உங்கள் நிர்வாகக் கிளையில் கேளுங்கள், காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால் "சொந்த அலுவல்" போதும். அதற்கிடையில் பாதியில் நிற்கிற தொடர்களை முடியுங்கள், புதிதாக ஒன்றைத் தொடங்குகிற ஆசை வந்தாலும். புதிய நாவல் எதுவும் இறக்காத ஒரு ஆறு மாதத்தில் பழைய நாவல்கள் மட்டும் என்ன கொண்டுவருகின்றன என்று பாருங்கள். அந்தத் தொகை வீட்டுச் செலவின் பாதியையாவது தாண்டி, ஒரு வருடச் செலவு வங்கியிலும் இருந்தால் பிறகு விடுமுறைக்கு எழுதிக் கொடுங்கள், ராஜினாமாவுக்கு அவசரமே இல்லை.

தொடர் எழுதுகிற தளத்தோடு ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. அதைத் தேடி எடுத்து, ஒலி உரிமை பற்றி என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதி வரைக்கும் என்று பார்த்து எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு மிச்சத்தைக் கதைப்போம்.